இரவல் பாத்திரம், சொந்தச் சமையல்

பாத்திர வியாபாரிக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. "இலக்கியத்திலேயும் பாத்திரங்கள்தானே ஐயா இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். பூனாவுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. பகலில் பித்தளையும் எவர்சில்வரும், இரவில் சீவக சிந்தாமணியும் நாலடியாருமாகக் காலம் ஓடிவிட்டது. கல்லூரிப் படி ஏறாதவன் நான். குற்றம் இருந்தால் கற்றறிந்தோர் பொறுத்தருள வேண்டும்.

இந்த மலருக்கு நான் எழுத நினைத்தது வேறு ஒன்று. எழுத வைத்தது என் பேத்தி.

அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருடைய நிலைமை அதுதானே! ஆனால் ஆங்கிலத்தில் நோட்டு நோட்டாக எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று பார்த்தால், ரௌலிங் அம்மையார் 1997 முதல் 2007 வரை ஏழு புத்தகங்களாக எழுதிய ஹாரி பாட்டர் கதையில் வருகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தானாகப் புதுக் கதை கட்டுகிறாள். இதற்கு 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்று பெயராம். ரசிகர் புனைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

"அடுத்த கடைச் சரக்குக்கு நம்ம சீட்டு ஒட்டி விக்கிற மாதிரி இருக்கேம்மா. சொந்தமா ஏதாவது எழுதக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான். மூன்று வாரம் கழித்து, "மாமா, அவ எழுதறதையே நிறுத்திட்டா" என்று மருமகள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

அன்று இரவு சிந்தாமணியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பேத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாத்தா, இந்தக் கதையை இவரே கற்பனை பண்ணினாரா?" என்று கேட்டாள். வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் திருத்தக்கதேவர் கற்பனை பண்ணிய கதையில்லை அது. சீவந்தரன் கதை சமண மரபில் வழங்கி வந்த கதை. 9ஆம் நூற்றாண்டில் குணபத்திரர் வடமொழியில் செய்த உத்தரபுராணத்தில் அது இருக்கிறது. வாதீபசிம்மர் அதே கதையைக் கத்திய சிந்தாமணி, க்ஷத்திர சூடாமணி என்று இரண்டு நூல்களாகச் செய்திருக்கிறார். வாதீபசிம்மர் முந்தியா, தேவர் முந்தியா என்பதில் அறிஞர்களிடையே கட்சி உண்டு. கதையின் எலும்புக்கூடு மரபிலிருந்து கிடைத்தது என்பதில் கட்சியில்லை. கிடைத்த கதையை 13 இலம்பகங்களாக, 3145 பாடல்களாக வளர்த்தார் தேவர். அந்த நூலை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று கொண்டாடுகிறோம். யாராவது அவரைப் பார்த்து, "அடுத்த கடைச் சரக்கு" என்று சொன்னோமா?

இது தேவரோடு நின்றுபோன வழக்கமும் இல்லை. கல்கி எழுதிய பொன்னியின் செல்வனின் நூலைப் பிடித்துக்கொண்டு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். நம் வீடுகளில் அதையும் விரும்பித்தான் படித்தார்கள்.

அப்படியென்றால் இரவல் வாங்கி எழுதுகிறவரை எதை வைத்து எடை போடுவது? எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கினால் அதைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கை அரிசியோ, இரண்டு அதிரசமோ போட்டுத்தான் கொடுப்பார்கள். எழுத்துக்கும் அதுதான் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கிய பாத்திரத்தில் என்ன போட்டுத் திருப்பிக் கொடுத்தார்? இந்தத் தராசை வைத்துக்கொண்டு, நாற்பது வருஷமாகப் படித்த நூலை மறுபடி ஒரு தரம் படித்தேன்.

மாயத்துக்கும் மந்திரத்துக்கும் சிந்தாமணியில் குறைவில்லை. பறக்கும் மயிற்பொறி உண்டு. வித்தியாதர உலகம் உண்டு. நினைத்த உருவம் எடுக்கும் மந்திரம் உண்டு. நாயகன் வீரத்துக்கோ கேட்கவே வேண்டாம். இவையெல்லாம் பழங்கதைகளில் எங்கும் கிடைப்பவை. என் கண் இந்தத் தடவை போய் நின்ற இடம் வேறு. அது சீவகனின் தோழர்கள். அவன் தம்பி நந்தட்டன், பதுமுகன், புத்திசேனன், தேவதத்தன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. நாயகன் கதையை நடத்துகிறான். அந்தக் கதைக்கு உயிர் கொடுப்பது இவர்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் கோவிந்தையார் இலம்பகம். வேடர்கள் ஆநிரையைக் கவர்ந்து போகிறார்கள். சீவகன் போய் மீட்டு வருகிறான். ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைக் கொடுக்க முன்வருகிறான். அவளைப் பதுமுகனுக்கு மணமுடித்து வைக்கிறான் சீவகன். எட்டு மனைவியரை மணக்கப் போகிற நாயகனுக்குத் தேவர் வைத்த முதல் கல்யாணமே தோழனுடைய கல்யாணம்!

பிறகு வருவது கனகமாலையார் இலம்பகம். சீவகன் ஊரை விட்டுப் போய் நாளாயிற்று. எங்கே இருக்கிறான் என்று தெரியாது. வித்தியாதர மகளான காந்தருவதத்தை தன் வித்தையால் அறிந்து, நந்தட்டனை அவனிடம் அனுப்பி வைக்கிறாள். மற்றத் தோழர்களுக்கு வித்தை ஒன்றும் கிடையாது. தேடிப் போகிறார்கள். வழியில் தண்டகாரணியத்துத் தவப்பள்ளியில் விசயையைச் சந்திக்கிறார்கள். அவள் சீவகனைப் பெற்ற தாய். சுடுகாட்டில் பெற்றுப் பிரிந்தவள். மகன் முகத்தைப் பார்க்கும் முன்பே மகனுடைய தோழர்களைப் பார்த்துவிடுகிறாள் அந்தத் தாய்! பின்னால் சீவகன் தாயிடம் போய்ச் சேர்வதும் இவர்கள் சொல்லித்தான்.

சீவகன் இருக்கும் நகரத்தை அடைந்ததும் இவர்கள் செய்கிற வேலை என்ன தெரியுமா? அந்த ஊர் ஆநிரையைக் கவர்கிறார்கள். மாட்டை மீட்க நம் ஆள் கட்டாயம் வருவான் என்று கணக்கு. வருகிறான். போர்க்களத்தில் பதுமுகன் விட்ட அம்பு சீவகன் முன்னால் வந்து விழுகிறது. அதில் எழுத்து இருக்கிறது. ஆளை ஆள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். மாடு மீட்டதனால் மனைவி பெற்றவன் பதுமுகன். அவனே மாட்டைக் கவர்ந்து நண்பனை மீட்கிறான். ஐந்து இலம்பகம் முந்திப் போட்ட முதலை இங்கே வட்டியோடு எடுக்கிறார் தேவர்.

தோழமையில் கேலியும் இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு புத்திசேனன். சுண்ணப்பொடியால் வந்த சண்டையில் தோழி குணமாலையைப் பிரிந்து, ஆண்களையே காண மாட்டேன் என்று விரதம் பூண்டவள் சுரமஞ்சரி. அவளை வெல்ல முடியுமா என்று சீவகனைச் சீண்டுகிறவன் புத்திசேனன். சீவகன் கிழவன் வேஷம் போட்டுப் போகிறான். கடைசியில் சுரமஞ்சரி காமன் கோயிலில் வரம் கேட்கும்போது, சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்து தெய்வக் குரலில் வரம் கொடுக்கிறவனும் இந்தப் புத்திசேனனே. சும்மா சொல்லக் கூடாது, நம் காலேஜ் பையன்கள் செய்கிற வேலைதான் இது!

எல்லாவற்றுக்கும் மேலே சுதஞ்சணன். உணவில் வாய் வைத்ததற்காக அடிபட்டுச் சாகக் கிடக்கிறது ஒரு நாய். அதன் காதில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். நாய் தேவனாகப் பிறக்கிறது. மறுபிறவியில் சுகமாக இருந்துவிட்டுப் போகலாமே? இல்லை. தேடி வந்து நன்றி சொல்கிறது. கட்டியங்காரனின் ஆட்கள் சீவகனைக் கட்டிக் கொண்டுபோகும்போது, மழையையும் காற்றையும் எழுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மூன்று மந்திரங்களும் கற்றுத் தருகிறது. இதைச் சொன்னபோது பேத்தி, "ஹாரி பாட்டர்லயும் நாயா மாறுகிறவர் ஒருத்தர் இருக்கார் தாத்தா. சிரியஸ்னு பேரு. ஹாரிக்கு ஞானத்தந்தை" என்றாள். எங்கிருந்து எங்கே போனாலும், ஆதரவற்ற பிள்ளைக்கு நாய்தான் துணை போலிருக்கிறது.

இப்போது அவள் கதைக்கு வருகிறேன். மன்னிப்புக் கேட்டு நோட்டை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. தராசில் வைத்துத்தான் சொல்கிறேன்.

ரௌலிங் கதையில் நெவில் என்று ஒரு பையன். பாட்டி வளர்ப்பு, எதிலும் தடுமாற்றம், வளர்க்கிற தேரையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பவன். லூனா என்று ஒரு பெண். பிறர் பார்த்துச் சிரிக்கும் சுபாவம். அவளுடைய பொருள்களைச் சக மாணவர்கள் எடுத்து ஒளித்துவிடுவார்கள். அவள் கோபப்படாமல், திருப்பித் தரச் சொல்லி அறிவிப்பு எழுதி ஒட்டுவாள். ஐந்தாம் புத்தகத்தில் இது சின்னதாக வந்து போகிறது. என் பேத்தி அந்தச் சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் தூங்கின பிறகு நெவில் விளக்கும் கையுமாக மாடி மாடியாகப் போகிறான். ஒரு காலணி, ஒரு புத்தகம் என்று தேடி எடுத்து, அவள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவளுக்குத் தெரியாது. தொலைத்துத் தேடியே பழகினவனுக்குத்தானே அடுத்தவர் தொலைத்ததைத் தேடத் தெரியும்! அந்த ஒரு முடிச்சுக்காகவே அவளுக்கு நூறு மார்க் கொடுக்கலாம்.

மந்திரக்கோல் சண்டை ஒன்றுகூட இல்லை. நட்பு என்ற சொல்லும் கதையில் எங்கும் வரவில்லை. மாயக் கதையில் மாயத்தை ஒதுக்கிவிட்டு மனுஷனைப் பார்ப்பது லேசான காரியமில்லை. குறையும் உண்டு. கடைசிப் பாராவில் கதைக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறாள். அந்தப் பாராவை எடுத்துவிடச் சொன்னேன். அம்பு எய்த பிறகு பதுமுகன் பிரசங்கம் செய்யவில்லையே!

தேவரையும் சிறுமியையும் ஒரே தட்டில் வைப்பதா என்று பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். மலை மலைதான், கூழாங்கல் கூழாங்கல்தான். ஆனால் இருவரும் செய்வது ஒரே வேலை. முன்னவர் சொல்லாமல் விட்ட இடத்தில், "அப்போது தோழன் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று கேட்பது. நாயகனை மரபு கொடுத்துவிடும். பகைவனையும் கொடுத்துவிடும். தோழமையை மட்டும் எழுதுகிறவன் தன் கைப்பணத்திலிருந்துதான் போட வேண்டும். தான் யாருக்காவது நண்பனாக இருந்திருந்தால்தான் அது வரும்.

சிந்தாமணி நம் கைக்கு வந்ததே தோழமையால்தான். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து ஐயம் கேட்டுக் கேட்டு, 1887இல் அச்சிட்டார் உ.வே.சாமிநாதையர். சமயம் வேறு, சாதி வேறு. நூல் நடுவில் இருந்தது.

காப்பிய முடிவில் சீவகனுக்கு அரசு வந்துவிடுகிறது. சுதஞ்சணனுக்குக் கோயில் எடுக்கிறான். சின்ன வயசில் நிழலில் விளையாடிய ஆலமரத்துக்கும் சிறப்புச் செய்கிறான். பிறகு ஒரு நாள், மந்தியின் கையிலிருந்த பலாப்பழத்தைக் காவலன் பறிப்பதைப் பார்த்து மனம் திரும்புகிறது. "நீ அரசாள்" என்று நந்தட்டனைக் கேட்கிறான். அவன் ராஜ்யம் வேண்டாம் என்கிறான். அண்ணனோடு துறவுக்கே வருகிறான். கூட வருவதற்கு இதைவிடத் தூரம் ஏது?

இந்த இடத்தை நான் சொல்லி முடித்தபோது பேத்தி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தாத்தா, அந்த ஆலமரத்தை வெச்சு நான் ஒரு கதை எழுதட்டுமா? யாரெல்லாம் அதுக்குக் கீழே விளையாடினாங்கன்னு?" என்று கேட்டாள்.

"எழுதும்மா" என்றேன். ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள். நாலு பக்கம் ஆகியிருக்கிறது. பெயர்களை மட்டும் தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொன்றாக வந்து கேட்டுக்கொண்டு போகிறாள்.