மாளிகையும் லயமும்: ஓர் ஓவிய மரபு பற்றிய சில குறிப்புகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரபுக்கள் தம் மாளிகைகளைச் சித்திரமாக்கி வைப்பதிற் பெருவிருப்புடையோராயிருந்தனர். ஒல்லாந்திற் பிறந்த லெனாட் நைஃப் இத்துறையின் முதன்மையாளருள் ஒருவர். அவர் வரைந்தவற்றை யான் கிப் செப்புத் தகட்டிற் செதுக்க, 1707இல் 'பிரித்தானியா இல்லஸ்ட்ராட்டா' வெளிவந்தது. மறுவருடம் நைஃப் தீட்டிய, சரே மாநிலத்துக் கிளாண்டன் பார்க் மாளிகையின் ஓவியத்தை இங்கு நோக்குவோம்.

மாளிகை உயரத்திலிருந்து காட்டப்படுகின்றது. மனிதர் பலூனில் முதன்முதல் வானேறியது 1783இலேயாகும். எனவே, எவரும் நின்று கண்டிராத இடமொன்றிலிருந்து ஓவியர் நோக்குகின்றார். அவ்விடத்திலிருந்து நோக்கும்போது நிலம் அனைத்தும் மாளிகையைச் சுற்றி ஒழுங்குபட்டு அமைகின்றது. உடைமையாளன் தன் உடைமையை ஒருசேரக் காண விழையும் நோக்கே இங்கு ஓவிய உத்தியாகியுள்ளது எனலாம்.

ஆனால் அத்துணை உயரத்திலிருந்தும் ஜமேக்கா தெரிவதில்லை. அதே 1708இல் அம்மாளிகைக்குரிய ஒன்ஸ்லோ குடும்பத்துத் தோமஸ், எலிசபெத் நைற் என்பவரை மணந்தார். அவர் கொணர்ந்த செல்வம் ஜமேக்காவில் அடிமைகளின் உழைப்பில் விளைந்ததாகும். பழைய மாளிகை இடிக்கப்பட்டுப் புதியது எழுந்ததும் அச்செல்வத்தின் துணையுடனேயாம்.

இவ்வோவியம் நமக்கு அந்நியமானதன்று. நைஃப் கற்பனையில் ஏறிய உயரத்தில், நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களிலே துரையின் பங்களா மெய்யாகவே அமர்ந்திருக்கின்றது. பூந்தோட்டம் சூழ்ந்த பங்களா மேலே. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பிராக்கள் கீழே. மேலிருப்பவர் அனைத்தையும் காணலாம். கீழிருப்பவர் அண்ணாந்தே பார்த்தல் வேண்டும். சித்திரத்தில் ஓர் உத்தியாக இருந்தது இங்கே நிலத்தின் அமைப்பாகிவிட்டது.

தொழிலாளர் படத்துள் இடம்பெற்றுவிட்டால் இக்குறை நீங்கிவிடுமா? டெனிசன், டார்வின் முதலியோரைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமறன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கோல்புறூக் - கமறன் ஆணைக்குழுவினருள் ஒருவரும், பின்னர் இங்கு கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளரானவருமான சார்ள்ஸ் ஹே கமறன் அவருடைய கணவர். 1879இல் டிக்கோயாவில் இறந்த அவ்வம்மையார் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இலங்கைப் படங்களில் உழைக்கும் மக்களின் முகங்கள் உள்ளன. எனினும் டெனிசனுக்கும் டார்வினுக்கும் உள்ள பெயர் அம்முகங்களுட் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. காணப்படுதல் வேறு, அறியப்படுதல் வேறு என்பதை அவை உணர்த்துகின்றன.

1708ஆம் ஆண்டின் ஓவியரிடம் இன்றைய சமூக உணர்வை எதிர்பார்ப்பது நியாயமா எனச் சிலர் வினவக்கூடும். நைஃபின் திறமையை நாம் மறுக்கவில்லை. கூலிக்கு வரைந்த அவரைக் குற்றஞ்சாட்டுவதும் நம் கருத்தன்று. அழகை உணர்ந்த பின்னரும், அவ்வழகின் செலவை யார் செலுத்தினர் என்ற வினா எஞ்சியிருக்கின்றது. அதனை எழுப்பாத விமர்சனம் மாளிகையின் வாயிலிலேயே நின்றுவிடும்.

மலையக இலக்கியம் அவ்வினாவை எழுப்பியுள்ளது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டார். மாளிகை ஓவியங்களில் வீட்டுக்கு உடையவனின் பெயர் உண்டு. அவரோ வீடில்லாதவனையே தலைப்பில் நிறுத்தினார். லயங்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனராதலின், அத்தலைப்பு இன்னும் பழையதாகிவிடவில்லை.