எண்ணெயின் பதம்

மதுரையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் சீட்டில் கை வைப்பார். இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தை இறக்கி, சட்டென்று கையை எடுத்துவிடுவார். வண்டி ஒரே மூச்சில் எழுந்து தன் உயரத்தில் நின்றுவிட வேண்டும். எழுந்த பிறகும் ஒருமுறை தலையாட்டினால், "ஷாக்கப்சர் போச்சு சார்" என்பார். எழவே தயங்கினாலும் அவருக்குப் பிடிக்காது. எத்தனையோ வருடம் நான் வண்டி அமுங்குவதையே கவனித்துக்கொண்டிருந்தேன். கவனிக்க வேண்டியது அது எழும் விதத்தை என்பது அவர் கண் போன இடத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. அச்சுக்கு மேல் இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து அடுக்கி, அதன்மேல் கூண்டை ஏற்றி, வில்வண்டி என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். அந்த வில்லில் ஒரு நுட்பம் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் தானாகவே அடங்கிவிடும். மோட்டார் சைக்கிளில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த உரசல் கிடையாது. வாங்கிய அடியை அப்படியே திருப்பித் தரும். ஒரு தள்ளு தள்ளிவிட்ட ஊஞ்சல் போல அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஊஞ்சலைக் கை வைத்து நிறுத்துவதற்காகத்தான் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள்ளும் பின் ஷாக்குக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது.

எண்ணெய் ஒரு சிறு துளை வழியே நெருக்கிப் பிதுங்கிப் போக வேண்டும். அந்தச் சிரமத்தில் ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. குண்டும் குழியுமான சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் பின் ஷாக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்றிருக்கும். நம் முதுகெலும்புக்கு வந்திருக்க வேண்டிய அடிகளில் ஒரு பங்கு அது.

பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், பதம் தப்பினால் எல்லாம் தப்பும். இங்கேயும் அப்படித்தான். சாதாரண வண்டியின் ஃபோர்க்கில் ஒரு குழாயும் அதில் சில துளைகளும் மட்டுமே. துளை வழியே எண்ணெய் இரண்டு மடங்கு வேகத்தில் பாய வேண்டுமென்றால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால்தான் பிரேக் பிடிக்கும்போது தொபுக்கென்று மூக்கைக் குத்தும் அதே ஃபோர்க், கூரான பள்ளத்தின் விளிம்பில் உலக்கை போல விறைத்து மணிக்கட்டில் இடிக்கிறது. மெதுவான அசைவுக்கு இளக்கம், வேகமான அசைவுக்கு இறுக்கம்: நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

ஆட்டத்தை அடக்கும் நல்ல டேம்பர் இதைச் சரிசெய்யும் விதத்தில்தான் நான் மயங்கிப்போனேன். பிஸ்டனில் அகலமான வழிகளை விட்டு, அவற்றின் வாயை மெல்லிய எஃகு வில்லைகளால் மூடுகிறார்கள். ஒவ்வொன்றும் 0.1 அல்லது 0.15 மில்லிமீட்டர் கனம், பெரியது அடியிலும் சிறியது மேலுமாகக் கோபுரம் போன்ற அடுக்கு. எண்ணெய் மெதுவாகத் தள்ளினால் வில்லைகள் அசையாமல் தடுக்கும். பள்ளத்தில் சக்கரம் விழுந்து எண்ணெய் சீறினால் வளைந்து வழிவிடும். அடுக்கில் ஒரு வில்லையை மாற்றினாலே வண்டியின் சுபாவம் மாறிவிடும். கை தேர்ந்த ட்யூனர்கள் இதற்காக ஷாக்கைப் பலமுறை கழற்றி மாட்டுவார்கள். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணையை வைத்துவைத்துத் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி தேய்க்கிறவரின் பொறுமை அது.

எண்ணெய் கொண்டு ஆட்டத்தை அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க், விற்பனைக்கு வந்த வண்டியில் முதலில் இடம்பெற்றது 1935இல், பிஎம்டபிள்யூவின் ஆர்12 மாடலில். பின்சக்கரம் அதற்குப் பிறகும் வெகுகாலம் சட்டத்தோடு விறைப்பாகவே கிடந்தது. 1948இல் ராயல் என்ஃபீல்டு, புல்லட்டின் முன்மாதிரியில் பின்பக்கம் ஸ்விங் ஆர்மும் ஷாக்கும் வைத்தபோது பந்தயக்காரர்கள் பலர் நம்பவில்லை. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சோதனைப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. 1955இல் அந்த வண்டியைச் செய்ய சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட்டில் அப்பாக்களோடு போனவர்கள், அந்தப் பின் ஷாக் ஒரு காலத்தில் சண்டைக்குரிய புதுமை என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ் கொடுத்த ஒற்றை ஷாக் யோசனையை யமஹா எடுத்துக்கொண்டது. 1973இல் ஹொகன் ஆண்டர்சன் அந்த ஷாக் பொருத்திய யமஹாவில் 250சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார்.

சரி, தினமும் அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற ஒருவர் நல்ல ஷாக்குக்குக் காசு செலவழிக்கலாமா? பந்தயக்காரரைவிட அவருக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன். தார்ப் பந்தயத் தடம் வழவழப்பானது. நம் சாலையோ ஒரு கிலோமீட்டருக்குள் பாதாளச் சாக்கடை மூடி, கேபிள் தோண்டி மூடிய வரப்பு, ஜல்லி, மணல் எல்லாம் காட்டிவிடும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நான் தினமும் தாண்டுகிற வேகத்தடைகள் இரண்டடி அகலத்தில் வரப்பு மாதிரி நிற்கின்றன. டயர் தரையில் பதிந்திருந்தால்தான் பிரேக்குக்கும் வளைவுக்கும் அர்த்தம். சொகுசு அதற்கு அடுத்தது.

ஆனால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். என் வண்டியில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் வரை ஃபோர்க் ஆயிலை யாரும் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. மெக்கானிக் கழற்றி ஊற்றியபோது குளத்துச் சேற்று நிறத்தில், அழுகின மீன் வாடையோடு வந்தது. புது எண்ணெயும் புது சீலும் போட்டு ஓட்டிய முதல் நாள், வேறு வண்டியோ என்று தோன்றியது. ஆன செலவு ஒரு நல்ல ஹெல்மெட்டின் விலைகூட இல்லை. டயரில் காற்று குறைந்தாலும், ஹேண்டிலின் கோன் செட்டோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ தேய்ந்தாலும் பழி ஷாக்கின் மேல்தான் விழுகிறது.

அடுத்து பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. பின் ஷாக்கின் அடியில் படிகளோடு ஒரு காலர் இருக்கும். அதைத் திருப்பும் ஸ்பேனர் டூல் கிட்டில் பிரிக்கப்படாமலே கிடக்கும். காலரைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் குணம் மாறாது. பாரம் ஏறியதும் வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பது மட்டுமே மாறும். முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை அளக்க, ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி சீல்வரை தள்ளிவிட்டு, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, அலுங்காமல் ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சீலுக்கும் டைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். முழுப் பயணம் 120 மில்லிமீட்டர் என்றால் வண்டியின் எடையும் உங்கள் எடையும் சேர்ந்து 30 முதல் 40 வரை அமுங்குவது நல்லது. அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதவில்லை.

ஏனென்றால் கம்பெனி ஸ்பிரிங் யாருக்கென்றும் செய்யப்பட்டதல்ல. தனியாகப் போகும் ஐம்பத்தைந்து கிலோ இளைஞனும், மனைவி, குழந்தை, அரிசி மூட்டையோடு போகும் தொண்ணூறு கிலோக்காரரும் ஒரே ஸ்பிரிங்கில் உட்காருகிறார்கள். மாற்றுவது என்று முடிவானால், முதல் செலவை உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்குக்குச் செய்யுங்கள். ஷாக்கோடு ஒட்டி வரும் தங்க நிற வாயுக் குப்பிக்கு அல்ல.

அந்தக் குப்பியில் நானே விழுந்தேன். குப்பிக்குள் நைட்ரஜன் அழுத்தத்தில் இருந்தால், நீண்ட கரடுமுரடான பாதையிலும் எண்ணெய் நுரைக்காது. உண்மையான பயன்தான். நான் வாங்கிய ஜோடியின் ஸ்பிரிங்கோ பாறை. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அம்மா பின்னால் உட்கார்ந்தால், ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் அவர் விரல்கள் என் தோளில் இறுகும். சாலையை அவர் எனக்கு முன்பே படித்துவிடுவார். புது ஷாக் மாட்டிய அன்று அந்தப் பிடி சட்டையைத் தாண்டி எலும்பில் பதிந்தது. ஒரு வாரத்தில் கழற்றினேன். மெக்கானிக் எங்கள் இருவரின் எடையையும் கேட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கும், எழும் வேகத்தைத் திருகி மாற்றும் வசதியும் கொண்ட சாதாரணக் கறுப்பு ஜோடி ஒன்றை வரவழைத்தார். நீளம் பழையதைப் போலவே இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம். நீளம் கூடினால் வண்டியின் நடையே கெடும். விலை நான் யோசித்து யோசித்துக் கொடுத்த அளவுக்கு இருந்தது. திருகியை ஒரு கிளிக் வைத்து ஓட்டி, வந்து, இரண்டு கிளிக் பின்னால் திருப்பி, மறுபடி ஓட்டி, மூன்று மாலைகள் போயின.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ரயில்வே கேட். தண்டவாளங்களுக்கு இடையே கற்கள் பெயர்ந்த இடம். ஏறி, இறங்கி, தாண்டி வந்த பிறகுதான் தோளில் பாரமே இல்லை என்பதைக் கவனித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்த மல்லிகைப் பொட்டலத்தின் மேல் இருந்தன.