தோற்ற ஒற்றரும் நகைச்சுவையும்

ஒற்றர் கதை என்றதும் துணிவும் சூழ்ச்சியும் மிக்க வீரனொருவனை எதிர்பார்ப்பது வாசகர் இயல்பு. ஆங்கில ஆசிரியர் மிக் ஹெரன் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்லோ ஹோர்ஸஸ்’ என்னும் நவீனம் அவ்வெதிர்பார்ப்பைத் தொடக்கத்திலேயே குலைத்துவிடுகின்றது. இதன்கண் வரும் ஒற்றர் பெரும்பாலும் தொழிலிற் பிழைத்தோர். ஒருவன் இரகசியத் தகவல் அடங்கிய தட்டினைப் புகையிரதத்தில் மறந்து வந்தவன். றிவர் கார்ட்ரைட் என்பானோ, பயிற்சித் தேர்வொன்றிலே கிங்ஸ் குரொஸ் நிலையத்தை நிலைகுலையச் செய்தவன். இத்தகையோரை நீக்கினால் வழக்கு வரலாம். தாமே வெறுத்து விலகட்டும் என்று, இலண்டன் பார்பிக்கன் நிலையத்தை அடுத்த பாழடைந்த கட்டடமொன்றில் அடைத்துவைக்கின்றது தலைமையகம். அதன் பெயர் ஸ்லௌ ஹௌஸ். அப்பெயரைச் சற்றே திரித்து அங்குள்ளோரை ‘மந்தக் குதிரைகள்’ எனப் பொருள்பட அழைப்பர். குப்பைப் பையைக் கிளறிப் பொருள் தேடுவதே றிவருக்குக் கிடைத்த ஒற்றுவேலை.

கந்தோரின் தலைவன் ஜக்ஸன் லாம். பருத்த உடலும் அழுக்குடையும் கூசாத நாவும் உடைய இவன், தன் கீழுள்ளோரை வாய் ஓயாது இழித்துரைக்கின்றான். இதனை வாசகர் சுவைப்பது எங்ஙனம்? நகைக்குரிய நிலைக்களங்களுள் எள்ளலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். அது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானே நகுதலும் என இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரைக் கருத்து. லாமின் நகை முதல்வகையது. இரண்டாவது வகையை இந்நூலில் நாடவேண்டிய இடம் வேறு.

ஹஸன் என்னும் பாகிஸ்தான் வழிவந்த மாணவன் நிறவெறியராற் கடத்தப்பட்டு, தலை கொய்யப்படும் நாளை எண்ணி நிலவறையிற் கிடக்கின்றான். மேடையில் நகைச்சுவை நிகழ்த்தவேண்டும் என்பதே அவன் கனவு. இருளிலும் அச்சத்திலும் அவனைக் கைவிடாதது அக்கனவே. இப்பகுதியில் வாசகனின் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகின்றது. நூலின் உயர்ந்த இடமும் இதுவே. இக்கடத்தலுக்குப் பின்னே, மீட்புப்புகழை நாடிய டயனா டவேர்னர் என்னும் மேலதிகாரியின் சூழ்ச்சி இருந்தமை வெளியாகுங்கால், பிழைத்தோர் யார் என்ற வினா திசைமாறுகின்றது. பழியை அவள் மந்தக் குதிரைகள்மீது சுமத்த முயல, லாம் எதிர்த்து நிற்கின்றான். தன் ஒற்றரை எள்ளும் உரிமை தனக்கேயன்றித் தலைமைக்கு இல்லை என்பது அவன் கொள்கை போலும்!

குறையில்லாமலில்லை. லாமின் உடற்கூற்று நகைகள், பின்வந்த நூல்களில், சில வேளை அலுப்பூட்டுகின்றன. எனினும் இத்தொடரின் இரண்டாம் நூல் 2013 இல் குற்றப்புனைகதைக்கான தங்கக் கட்டாரி விருது பெற்றது தகவேயாம். 2022 இல் தொடங்கிய தொலைக்காட்சி வடிவில் கரி ஓல்ட்மன் லாமாக நடித்துப் புகழ்பெற்றார். ஆயினும் அக்கட்டடத்தைப் பேருந்து மேற்தட்டிலிருந்து எட்டிப்பார்ப்பவன் கண்வழியே அறையறையாகக் காட்டும் கதைசொல்லியின் குறும்புக் குரலை ஏட்டிலேதான் கேட்கலாம்.