பிரெஞ்சு சமதர்மிகளும் கொங்கு நாட்டுக் கூலி நெசவும்

சோமனூர், பல்லடம், அவிநாசி வட்டாரங்களில் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் பெற்று, தம் சொந்த விசைத்தறியில் நெய்து கொடுத்து, அதற்குக் கூலி வாங்கிப் பிழைப்பவர்கள், 2021 நவம்பரில் அரசின் முன்னிலையில் பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வந்து சேரவில்லையென்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். அதை உள்ளூர்த் தகராறு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு சமதர்மிகள் பொருளாதார சாஸ்திரத்தின்மீது தொடுத்த விமர்சனத்தைப் படித்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள்.

லியோன் நகரத்துப் பட்டு நெசவில் தறி நெசவாளருடையது, நூல் வணிகருடையது. 1831 அக்டோபரில் அந்த ஜில்லாவின் ஆட்சித் தலைவர் முன்னிலையில் இரு தரப்பாரும் ஒப்பிய குறைந்தபட்சக் கூலி விகிதத்தை வணிகரில் ஒரு பகுதியார் ஏற்க மறுக்கவே, நவம்பர் 21-ஆம் தேதி கிளர்ச்சி மூண்டு, சில நாட்கள் நகரமே நெசவாளர் வசமாயிற்று. பாரிஸ் அரசாங்கமோ படையை அனுப்பியதோடு அமையாமல், ஆட்சித் தலைவரைப் பதவியிலிருந்து விலக்கி, கூலி விகிதத்தையும் ரத்து செய்தது. கூலியைச் சந்தையே நிர்ணயிக்க வேண்டும், மனிதர் கூடிப் பேசி நிர்ணயிப்பது இயற்கை நியதிக்கு விரோதம் என்ற சாஸ்திர வாதம் அதற்குக் கைகொடுத்தது.

அந்த நியதியை முன்னரே சந்தேகித்தவர், ஜெனீவாக்காரராயினும் பிரெஞ்சில் எழுதிய சிஸ்மோந்தி. 1803-இல் ஆடம் ஸ்மித்தின் சிஷ்யராக நூல் இயற்றிய அவரே, 1819-இல் வெளியிட்ட நூலில், உற்பத்தி பெருகும் அளவுக்கு உழைப்பவன் வருமானம் பெருகாவிட்டால் சரக்கு கிடங்கிலே தேங்கும் என்றும், உற்பத்தியே தனக்குரிய கிராக்கியைத் தேடிக்கொள்ளும் என்ற ழான் பத்தீஸ்த் சேயின் சித்தாந்தம் அனுபவத்துக்கு ஒவ்வாது என்றும் வாதித்தார். இவ்வரிசையில் மிகவும் உறுதியான வாதம் இதுவே என்பது என் அபிப்பிராயம். லியோன் வணிகரிடம் குமாஸ்தாவாக உழன்ற ஃபூரியே, பதுக்கலையும் கலப்படத்தையும் கண்ணாரக் கண்டவர். கடல்நீர் ஒருநாள் எலுமிச்சைச் சர்பத்தாகும் என்று எழுதியவரும் அவரே என்பதால், அவருடைய வியாபார விமர்சனத்தின் கூர்மையைப் பலர் கவனியாது விட்டனர். 1839-இல் லூயி பிளாங்க், வரம்பற்ற போட்டி கூலியைக் கீழே தள்ளுவதோடு சிறு முதலாளியையும் விழுங்கும் என்று காட்டி, அரசு கடன் கொடுத்துத் தொடங்கும் தொழிலாளர் பட்டறைகளை அமைக்க யோசனை கூறினார். அச்சுத் தொழிலாளியாக இருந்த புரூதோன் அரசை நம்பவில்லை. உழைப்போர் தமக்குள் பரஸ்பரக் கடன் கொடுத்துக்கொள்வதையே அவர் வேண்டினார்.

இவர்களைத் தமிழர் அறிந்த வழி பெரும்பாலும் மார்க்ஸின் வழியே. 1931 அக்டோபரில் ஈரோட்டுக் 'குடி அரசு' இதழ் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. 1932 டிசம்பரில் அதே ஊரில் சுயமரியாதைக்காரர்கள் கூடி, சிங்காரவேலர் துணையோடு சமதர்மத் திட்டம் வகுத்தனர். அந்தக் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் மூன்றாம் பகுதியிலோ சிஸ்மோந்தி குட்டி முதலாளித்துவவாதி, புரூதோன் முதலாளித்துவ சமதர்மி, ஃபூரியே கற்பனாவாதி என்று தீர்ப்பு முடிந்துவிடுகிறது. புரட்சிக்கு வழி தேடியவர்களுக்கு அத்தீர்ப்பு போதுமானதாக இருந்திருக்கலாம். சொந்தத் தறி வைத்தும் கூலிக்காரனாகவே நிற்பவனின் நிலையை ஆராய அது போதாது.

நடைமுறையில் கொங்கு நாடு லூயி பிளாங்கின் பக்கமே சாய்ந்திருக்கிறது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸையும், ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரச் சங்கங்களுக்கு ஆண்டுதோறும் வேலை தரும் இலவச வேட்டி சேலைத் திட்டத்தையும் அவர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அரசாணை தாமதமானால் தறியும் நிற்கும் என்று புரூதோன் இடித்துரைத்திருப்பார், அதுவும் நியாயமே.

கோவைக் கல்லூரிகளின் பொருளாதார ஆசிரியர்கள் ஸ்மித்துக்கும் மார்க்ஸுக்கும் நடுவே சிஸ்மோந்தியையும் லூயி பிளாங்கையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். 1831-இன் லியோன் கூலி விகிதத்தையும் 2021-இன் சோமனூர் ஒப்பந்தத்தையும் மாணவர்கள் அருகருகே வைத்துப் படிக்கட்டும்.