ஐந்தில் மூன்று

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஏறப் போகிறவர்கள் முந்தின நாள் மாலையே ஓர் எண்ணைப் பார்த்துவிடுவார்கள். குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு, டாவோஸில் உள்ள சுவிஸ் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மறுநாளைய அபாயத்தை 1 முதல் 5 வரை அளவிட்டு வெளியிடுகிறது. 1945 முதல் பனிச்சரிவு அறிக்கை தரும் நிறுவனம் அது. இந்த ஐந்து படி அளவுகோலை ஐரோப்பிய நாடுகள் 1993இல் பொதுவாக ஏற்றன. எல்லை தாண்டினாலும் எண்ணின் பொருள் மாறாது என்பது மலையேறிகளுக்குக் கிடைத்த பெரிய நன்மை. அதை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் 3இல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 3 அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் இறக்கிறார்கள். 4, 5 என்றால் பெரும்பாலோர் மலைக்கே போவதில்லை. 3 நடுவில் நிற்பதால் அபாயமும் நடுத்தரம்தான் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் இந்தப் படிகள் சம உயரமுள்ளவை அல்ல. படிக்குப் படி அபாயம் மடங்காகப் பெருகுகிறது. 3இல் செங்குத்தான சரிவை உடைக்க ஒரே ஒரு ஆளின் எடை போதும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஒரே 3 முற்றிலும் வேறான இரண்டு நிலைமைகளைக் குறிக்கலாம். முதலாவது, காற்று அடித்துச் சேர்த்த புதுப்பனி. முகட்டுக்குப் பின்னாலும் பள்ளங்களிலும் அது திரண்டிருப்பது பழகிய கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போய்விடலாம். இரண்டாவது, பழைய பனிக்குள் மறைந்திருக்கும் பலவீனமான அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனியின் அடிப்பகுதி தரையின் வெப்பத்தால் பூஜ்ய டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ கடுங்குளிரில் கிடக்கும். இடையே நீராவி மேல்நோக்கி நகர, பனித்துகள்கள் பட்டை தீட்டினாற்போல வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன. மண்வெட்டியால் குழி வெட்டிப் பார்த்தால், மேலே கெட்டியான பாளம். அடியிலோ கைபட்டதும் சர்க்கரைபோலப் பொலபொலவென்று கொட்டும் அடுக்கு. இந்த நிலையில் சமதளத்தில் நடப்பவரின் காலடியே மேலே உள்ள சரிவை அறுத்துவிடக்கூடும். முன்னால் போனவர்களின் தடம் பத்திரம் என்பதற்குச் சாட்சி ஆகாது. அடுத்து வருபவர் பாளத்தின் மெல்லிய இடத்தில் கால் வைத்தால் போதும். வாரக்கணக்கில் பனியே பெய்யாத நீலவானத்தின் கீழும் இது நடக்கும்.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் 1990களில் இந்த எண்ணை வைத்தே ஒரு கணக்கு அமைத்தார். 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 8 என்று அபாய மதிப்பு. குறைவான சாய்வு, அபாயமான திசையைத் தவிர்த்தல், சிறிய குழு ஆகியவற்றுக்குரிய எண்களால் அதை வகுத்து, எஞ்சும் அபாயம் 1க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசைக்குக் கடிவாளம் போட்ட முறை என்பதால் அதன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கணக்கிலும் இரண்டு 3களுக்கும் ஒரே 8தான்.

அளவுகோல் இப்படி அமைந்ததற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அது சறுக்குபவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்துக்குள் பனிச்சரிவு புகுந்து 31 பேரைக் கொன்றது. சாலையை மூடவும் வீடுகளைக் காலி செய்யவும் வேண்டிய அத்தகைய நாட்களுக்குத்தான் 4, 5 தேவைப்படுகின்றன. அப்படி மேற்படிகள் ஊர்களுக்குப் போக, மலையேறிகளின் நாட்கள் அனைத்தும் முதல் மூன்று படிகளுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

எந்த உயரம், எந்தத் திசை, எந்த வகைப் பனி என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கத்தான் செய்கின்றன; எண்ணுக்கு அடுத்தபடியாக. அவசரத்தில் இருப்பவர் எண்ணோடு நின்றுவிடுகிறார். 2022-23 குளிர்காலத்திலிருந்து சுவிஸ் அறிக்கை எண்ணோடு கூட்டல், கழித்தல் குறிகளையும் சேர்க்கிறது. 3+ என்றால் 4ஐ நெருங்கிவிட்டது என்று பொருள். நல்ல திருத்தம்தான். ஆனாலும் அது அபாயம் எவ்வளவு என்பதைத்தான் நுணுக்கமாகச் சொல்கிறது, எப்படிப்பட்டது என்பதை அல்ல. சறுக்குபவர்கள் பார்க்கும் பக்கத்திலாவது பனியின் பிரச்சினை முதலிலும் எண் அதற்குக் கீழேயும் வர வேண்டும். சாலையை மூடும் அதிகாரிகளுக்கு இப்போதைய வரிசையே இருக்கட்டும்.