பூமிக் கொடியில் ஒரு கடலூர்ப் புயல்

பூமிக்கென்று ஒரு கொடி இருக்கிறது, பார்த்திருப்பீங்க. கருநீலத் துணி, நடுவில் விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் படம், அவ்வளவுதான். உலக ஒற்றுமைக்கும் இயற்கையைக் காப்பதற்கும் சேர்த்து ஒரே சின்னம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் கொடி சொன்ன வேலையைச் செய்கிறதா? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் வரலாறு. இதை உருவாக்கியவர் ஜான் மெக்கானல். 1915இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர், அமைதி இயக்கத்துக்காரர். 1969இல் லைஃப் பத்திரிகையில் வந்த பூமியின் புகைப்படத்தைப் பார்த்து, இதையே கொடியாக்கலாம் என்று நினைத்தார். அதே ஆண்டு, பூமிக்கென்று ஒரு நாள் வேண்டும் என்ற யோசனையையும் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் வைத்தார். பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் 21ஐத் தேர்ந்தெடுத்தார். 1970இல் அந்த ஊரில் அது கொண்டாடவும்பட்டது. 1971இல் ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் அதற்கான அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். இன்று நமக்குத் தெரிந்த ஏப்ரல் 22 வேறு கணக்கு. அது செனட்டர் கேலார்ட் நெல்சன் தொடங்கிவைத்தது.

ஆரம்பக் கொடியில் இருந்த படம் எளிமையான அச்சு. இன்று கொடியில் நாம் பார்ப்பது 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து எடுத்தது. கிளம்பி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது, தூரம் சுமார் 29,000 கி.மீ. 'நீலக் கோலிக்குண்டு' என்று பெயர் வாங்கின படம் இதுதான். மூலப் படத்தில் தென் துருவம் மேலே இருந்தது. நாம் பழகின வரைபடம் மாதிரி இருக்கட்டும் என்று திருப்பித்தான் வெளியிட்டார்கள். எல்லைக்கோடு இல்லாத பூமி என்று கொண்டாடப்படும் படத்திலேயே 'வடக்குதான் மேலே' என்ற மனிதப் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். படத்தின் நடுவில் ஆப்பிரிக்கா, கீழே அண்டார்டிகா, மேலே அரேபியா. வலது மேல் ஓரத்தில் ஒரு வெள்ளை மேகச் சுழி தெரியும். அது நம்ம புயல். 1972 டிசம்பர் 5 அன்று கடலூர்ப் பக்கம் கரையேறி, தமிழ்நாட்டை அடித்த அதே புயல். படம் எடுக்கும்போது இங்கே மாலை நாலு மணி சுமார். சென்னையில் வெள்ளம், சுமார் 80 பேர் சாவு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடு இல்லை. கொடியில் அது அழகான ஒரு வெள்ளைச் சுருள்.

உலகம் முழுக்க இந்தக் கொடியைத் தூக்கிப் பிடித்தவர்கள், தெரியாமலே தமிழ்நாட்டின் ஒரு பேரிடரையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் இந்தக் கொடியின் அழகுக்கு அந்தத் தூரம்தான் முதல். என் விமர்சனம் அதில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கொடியில் பூமி உருண்டை 60 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 21 கி.மீ. வருகிறது. சுமார் 1,950 ச.கி.மீ. உள்ள அரியலூர் மாவட்டம் முழுசும் ஒரு கடுகுக்குள் அடங்கிவிடும். திருமழபாடியில் நாம் பார்க்கிற அகலமான கொள்ளிடம் ஒரு நூலிழை தடிமன்கூட வராது. ஆற்று மணல் இருந்தாலும் போனாலும், சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டின பள்ளத்தை மூடினாலும் விட்டாலும் அந்தப் படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. மென்பொருள் வேலையில் இதை அடிக்கடி பார்ப்போம்: சுருக்கின டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், பிரச்சினை லாக் ஃபைலுக்குள் கிடக்கும். எதைக் காப்பாற்றச் சொல்கிறதோ, அது தெரியாத அளவுக்குக் கொடி தள்ளி நிற்கிறது.

கொடி என்றால் சின்னம்தானே, அதில் போய் ஆற்றைத் தேடலாமா என்று கேட்கலாம். சரி, நமக்குப் பழக்கமான கொடி ஒன்றோடு ஒப்பிடுவோம். சிவன் கோயில் திருவிழாவில் ஏறும் கொடியில் இருப்பது ஒரே ஒரு நந்தி. 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று சொல்லும் திருமழபாடிக்காரர்களுக்கு நந்தியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதுவும் வெறும் துணியில் எழுதின சின்னம்தான். ஆனால் ஏறின நிமிஷமே அது ஊருக்கு வேலை கொடுத்துவிடும். மண்டகப்படி யாருடையது, தேர் வடம் யார் பொறுப்பு என்று எல்லாம் பிரித்து வைத்திருக்கும். நம்ம பக்கம் பல ஊர்களில் காப்புக் கட்டினவர்கள் கொடி இறங்கும் வரை வெளியூரில் தங்க மாட்டார்கள். பூமிக் கொடி ஏறினால் யாருக்கு என்ன வேலை? கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாம்.

இதில் மெக்கானலுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் கொடியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு மனிதனும் பூமியின் அறங்காவலர் என்பது அவருடைய கொள்கை. கோயில் அறங்காவலர் மாதிரி, சொத்து உனக்கில்லை, பொறுப்பு மட்டும் உன்னுடையது என்கிற அர்த்தம். நல்ல கருத்துதான். ஆனால் துணியில் அது ஏறவில்லை. படம் மட்டும் உலகம் சுற்றியது.

கடைசியில் அந்தப் படமும் நீதிமன்றம் போனது. பூமிக் கொடியைத் தயாரித்து விற்ற நிறுவனம், அதே மாதிரி கொடி விற்ற இன்னொரு கொடி நிறுவனத்தின் மேல் பதிப்புரிமை வழக்குப் போட்டது. 2001இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளியது. நாசாவின் படம் பொதுச்சொத்து, அதைத் துணிக்கு மாற்றியதில் புதிய படைப்பு எதுவும் இல்லை என்பது சாரம். தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் உலக ஒற்றுமைச் சின்னத்துக்கு 'இது என்னுடையது' என்று வழக்கு வந்ததே, அது இந்தக் கொடியின் மேல் வந்த கடுமையான விமர்சனம்.

மற்ற முயற்சிகளையும் பார்ப்போம். 1969இல் கார்ட்டூனிஸ்ட் ரான் காப் வரைந்த சூழலியல் சின்னம், வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு. அதை அவர் முதலிலேயே பொதுச்சொத்தாகக் கொடுத்துவிட்டார். 1970இல் இல்லினாய் விவசாயி ஜேம்ஸ் கேடில் சூரியன், பூமி, நிலா மூன்றையும் வட்டங்களாக மட்டும் போட்டார். 2015இல் ஸ்வீடன் மாணவர் ஆஸ்கர் பெர்னஃபெல்ட் நீலத்தில் ஏழு வளையங்களைக் கோத்தார். மூன்றும் ஒரு குழந்தை சாக்பீஸால் வரைந்துவிடக்கூடியவை. கொடி வடிவமைப்பின் முதல் தேர்வில் அவை பாஸ், மெக்கானலுடையது ஃபெயில்.

இருந்தாலும் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மெக்கானலுடையதைத்தான் எடுப்பேன். மற்ற மூன்றும் யோசனைகள். இது ஒன்றுதான் ஒரு குறிப்பிட்ட நாளின் சாட்சி. அந்த நாளில் கடலூரிலும் சென்னையிலும் தண்ணீரில் நின்றவர்கள் அந்தப் படத்துக்குள் இருக்கிறார்கள். குறை, அதை யாரும் எடுத்துச் சொல்லாததுதான்.

அதனால் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்குப் பள்ளியில் இந்தக் கொடியை ஏற்றுகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலது மேல் ஓரத்து வெள்ளைச் சுழியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. அது எந்தப் புயல், எந்த ஊர், எத்தனை பேர் என்று சொல்லுங்க. அப்புறம் ஊரில் இருக்கிற ஒரு ஏரியோ வாய்க்காலோ பெயர் சொல்லி, அந்த வருஷம் அதற்கு யார் பொறுப்பு என்று, மண்டகப்படி பிரிக்கிற மாதிரி, பிரித்துவிடுங்க. கொடியைக் கழற்றி மடிக்கிறது அதற்கப்புறம் இருக்கட்டும்.