முள் வரையும் கை

படப்பையைத் தாண்டி ஒரகடம் பக்கம் வண்டியை விட்டால் வழிநெடுக ஆலைகள்தான். அவற்றில் ஏதாவது ஒன்றின் பிரஸ் ஷாப்புக்குள் நுழைகிறவர்கள் மெஷினைப் பார்ப்பார்கள். எனக்குக் கண் போவது அதன் பக்கத்தில் பொருத்தியிருக்கும் திரை மேல். அதில் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். கண்ணாடி போட்ட பித்தளை மீட்டர் அல்ல, யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரலில் வரைந்த மீட்டர். முள் ஏறும்போது திரை மினுக்குகிறதா, எண்கள் வளைவோடு ஒட்டி நிற்கின்றனவா, சிவப்புப் பட்டையின் விளிம்பு பிசிறடிக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்தாலே எழுதியவர் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஆலைக்குள் போக முடியாதவர்கள் சாலையிலேயே பார்க்கலாம். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு 2023 நவம்பரில் கொண்டுவந்த ஹிமாலயன் 450இல், டயலும் முள்ளும் இருக்கவேண்டிய இடத்தில் 4 அங்குல வட்டத் திரை. எந்த மென்பொருளில் செய்திருந்தாலும், அதில் ஓடுவதெல்லாம் வரைந்த படம்தான்.

இந்தக் கலைக்கு அடிப்படை இரண்டு. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் ஒரு கிளாஸிலிருந்து நம் கிளாஸைப் பிறப்பிப்பது, அதாவது இன்ஹெரிட்டன்ஸ். இன்னொன்று, அதில் வரைகிற ஃபங்ஷனை மட்டும் நம் கைப்படத் திருப்பி எழுதுவது. திரை நிரல் எழுத உதவும் க்யூட்டி நூலகத்தில் அதன் பெயர் பெயின்ட்ஈவென்ட், விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஆன்பெயின்ட், ஜாவா ஸ்விங்கில் பெயின்ட்காம்பொனென்ட். மவுஸ், கீபோர்டு, அளவு மாறுதல், ஃபோகஸ் எல்லாம் மூதாதை வழியாகத் தானே வந்துவிடும். கீர்த்தனை அப்படியே இருக்க, ஒரு வரியை மட்டும் எடுத்து நிரவல் செய்கிற வித்துவானின் வேலைதான் நமக்கு. எவ்வளவு புதிதாகச் செய்தோம் என்பதைவிட, எவ்வளவைத் தொடாமல் விட்டோம் என்பதில்தான் தேர்ச்சி தெரியும்.

இன்ஹெரிட்டன்ஸ், க்யூட்டி இரண்டுக்கும் நார்வே சொந்தம் என்பது எனக்குப் பிடித்த பொருத்தம். இன்ஹெரிட்டன்ஸ் என்ற எண்ணத்தை சிமுலா 67 மொழியில் கொண்டுவந்த ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் ஆஸ்லோவில் வேலை பார்த்தவர்கள். 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது. சிமுலாவின் கிளாஸ் சி பிளஸ் பிளஸ்ஸுக்குப் போனது. அந்த சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டு 1995இல் வெளிவந்த க்யூட்டியும் நார்வேக்காரர்கள் இருவர் தொடங்கியதுதான்.

க்யூட்டியோடு பல பதிப்புகளாக ஒரு கடிகாரம் உதாரணமாக வந்தது. இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற நிரல் அது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ஜன்னல் எந்த அளவில் இருந்தாலும் முதலில் அகலம், உயரம் இரண்டில் எது சிறியதோ அதை எடுத்துக்கொள்கிறது. வரைகோலின் மையத்தை ஜன்னலின் நடுவுக்கு நகர்த்துகிறது. பிறகு அந்தச் சிறிய பக்கம் 200 அலகு ஆகும்படி அளவை மாற்றுகிறது. அதற்குப் பின் பிக்ஸல் என்ற பேச்சே கிடையாது. பழைய பதிப்புகளில் மணி முள் என்பது மூன்று புள்ளிகள், நுனி 40 அலகு உயரத்தில். நிமிட முள்ளும் மூன்று புள்ளிகள்தான், நுனி 70இல். இரண்டும் நிரலில் எப்போதும் 12ஐ நோக்கியே நிற்கின்றன. திருப்பப்படுவது முள் அல்ல, முள் நிற்கும் தளம். மூன்றரை மணி என்றால் 3.5ஐ 30ஆல் பெருக்கி 105 பாகை திருப்பி, அதே நேர் முள்ளை வரைந்துவிட்டு, தளத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுகிறது. சைன், கொசைன் எதுவும் எங்கும் இல்லை.

மணிக்கோடுகள் வரையும் இடம் இன்னும் அழகு. மையத்திலிருந்து 88க்கும் 96க்கும் இடையே ஒரு சின்னக் கோடு, 30 பாகை திருப்பு, மறுபடி அதே கோடு. பன்னிரண்டு முறை. முள்ளுக்குச் செய்ததுபோல நிலையைச் சேமித்து மீட்கும் வரிகள் இங்கே இல்லை. பன்னிரண்டு முப்பது 360 அல்லவா? தளம் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. பழைய பதிப்பில் நிமிட முள்ளின் வண்ணம் முக்கால் பங்குதான் அடர்த்தி; அதனால் மேலே வந்து மூடினாலும் மணி முள் மங்கலாகத் தெரியும். இப்படி யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

வரைவது பாதி வித்தைதான். எப்போது வரைவது என்பது மீதிப் பாதி. மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சியிலிருந்து மதிப்புகள் மளமளவென்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வரைந்தால் திரை திணறும். க்யூட்டியில் அப்டேட் என்று கூப்பிட்டால் அது உடனே வரையாது, வரையவேண்டும் என்று குறித்து மட்டும் வைக்கும். பல குறிப்புகள் சேர்ந்தாலும் ஒரே தடவைதான் பெயின்ட்ஈவென்ட் வரும். உடனே வரையும் ரீபெயின்ட்டும் உண்டு. அவசரக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நாம் கேட்காமலும் பெயின்ட்ஈவென்ட் வரலாம். ஆகவே அதற்குள் உட்கார்ந்து பிஎல்சியிடம் மதிப்பு கேட்பவரைத் தொழில் தெரிந்தவர் என்று நான் ஒப்பமாட்டேன். மதிப்பை வெளியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கையில் இருப்பதை வரைய மட்டும்தான் வேண்டும்.

மூதாதையை எப்போது கூப்பிடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்விங்கில் முதல் வரியிலேயே சூப்பரை, அதாவது மூதாதையின் அதே ஃபங்ஷனை, கூப்பிட மறந்தால் பின்னணி அழியாது. முள் போன வழியெல்லாம் பழைய முட்கள் நிற்கும். க்யூட்டியின் வெறும் விட்ஜெட்டில் அந்தக் கவலை இல்லை. ஆனால் பட்டனிலிருந்து பிறப்பித்துவிட்டு எல்லாவற்றையும் தானே வரைகிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஓர் ஆலையில் அப்படி ஒரு பட்டன் பார்த்தேன். நிழல், பளபளப்பு, எல்லாம் பிரமாதம். கதவு திறந்திருக்கும்போது பட்டன் முடங்கியிருக்கும். முடங்கிய தோற்றத்தை மட்டும் வரைய மறந்துவிட்டார்கள். ஆபரேட்டர் அண்ணன் கையுறையோடு அழுத்தி அழுத்திப் பார்த்து, கடைசியில் திரையையே தட்டினார். மூதாதை பட்டனுக்கு அந்தத் தோற்றம் தெரிந்துதான் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

தமிழில் லேபிள் போடும்போதுதான் உண்மையான பரீட்சை. டயலின் வளைவோடு எழுத்துகளை ஓடவிட வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வரைவார்கள். பாய்லர் என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு குறியீடு, ஆறு எழுத்து, வம்பில்லை. கொதிகலன் என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டுக் குறியீடு. அதைக் குறியீடு குறியீடாகப் பிய்த்து வரைந்தால் ‘க’ ஓரிடத்தில் நிற்கும், ஒற்றைக்கொம்பும் காலும் புள்ளிவட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அடுத்த இடத்தில் நிற்கும். கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்து அமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் க்யூட்டிக்குள்ளேயே செய்கிறது. சரமாகக் கொடுத்தால்தான் அது செய்யும். எழுத்தெல்லை காட்டும் வசதியைக் கொண்டு பிரித்தால் ‘கொ’ பிழைத்துவிடும். ஆனால் ‘ஸ்ரீ’யை அந்த வசதியும் ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாக வெட்டும். யூனிகோடின் எழுத்தெல்லை விதி தமிழில் அப்படித்தான். அதற்குத் தனியே ஒரு வரி எழுதத்தான் வேண்டும்.

ஆகவே இந்தப் பக்கத்து ஆலைகளுக்குத் திரை எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சோதனைச் சொல் தேடி அலைய வேண்டாம். ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று வளைவில் போட்டுப் பாருங்கள். கூட்டெழுத்து, முன்னால் வரும் கொம்பு, உருவம் மாறும் உகர ஊகாரம், மெய்ப்புள்ளி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அது உடையாமல் வந்தால் டெலிவரி கொடுக்கலாம்.